ஐந்தில் ஒரு சொட்டு

சொட்டு மருந்துக் குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். அதை ஐந்து பங்காக்கி ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 100 சிசி மோட்டார் சைக்கிளின் எஞ்சின் ஒருமுறை வெடிக்க அதிகபட்சம் அவ்வளவு பெட்ரோல் போதும். எடையில் 7 முதல் 8 மில்லிகிராம். ஆக்சிலேட்டரைத் திருகாமல் கிக்கரை மிதிக்கும்போது அதிலும் ஒரு பகுதிதான் உள்ளே போகிறது. காலை எட்டே முக்காலுக்கு, பள்ளிக்கூடப் பையோடு பிள்ளை பின்னால் ஏறக் காத்திருக்க, சட்டை நனைய நாம் உதைத்துக்கொண்டிருப்பது இந்தத் துளிக்காகத்தான்.

அந்தத் துளி நேரத்துக்கு வர வேண்டும். வந்தது ஆவியாக வேண்டும். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை, அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவி தன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்றோடு கலக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுக்க எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று தேவை என்ற கணக்கைப் பார்த்தால், வண்டி பெட்ரோலைவிடக் காற்றைத்தான் அதிகம் குடிக்கிறது. கலவை உள்ளே வந்ததும் பிஸ்டன் அதை ஒன்பதில் ஒரு பங்காக நசுக்க வேண்டும். நசுங்கி முடிவதற்குச் சற்று முன்னால் பொறி விழ வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் இந்த முகூர்த்தம். ஓர் உதைக்கு எஞ்சின் சில சுற்றுகள் சுற்றி நின்றுவிடும். ஆக, உதைக்கு ஓரிரு முகூர்த்தம் கிடைக்கிறது. அதற்குள் எல்லாம் கூடிவர வேண்டும்.

தினமும் கூடிவருவதால் நாம் கவனிப்பதில்லை. கூடிவராத நாளில் நாம் செய்வது ஒன்றே ஒன்று: மறுபடி மறுபடி உதைப்பது. மெக்கானிக்குகளுக்கு எரிச்சல் மூட்டும் பழக்கம் இது. எரியாத பெட்ரோல் ஒவ்வோர் உதைக்கும் உள்ளே சேர்ந்து பிளக்கை நனைக்கிறது. செல்ஃப் அடித்தால் பேட்டரியில் மிச்சம் இருந்ததும் போகிறது. உதைக்க உதைக்கத் தடயம் அழிகிறது. ஒரு பழுதோடு நின்ற வண்டி இரண்டு பழுதோடு பட்டறைக்குப் போய்ச் சேர்கிறது.

கைதேர்ந்த மெக்கானிக் வண்டி வந்ததும் ஸ்பேனரைத் தேடுவதில்லை. "எங்க, ஒருதரம் செல்ஃப் அடிங்க" என்று சொல்லிவிட்டுக் காதைக் கொடுக்கிறார். எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பிடிக்கவில்லையா? பெட்ரோலோ பொறியோ வரவில்லை. வழக்கத்தைவிட வேகமாக, சுமையே இல்லாமல் சுழல்கிறதா? உள்ளே அழுத்தம் நிற்கவில்லை. முனகி முனகிச் சுழல்கிறதா? பேட்டரியைப் பார்க்க வேண்டும். எந்தச் சத்தமும் இல்லையா? அப்போது அவர் எதையும் கழற்றாமல் வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புக் கில் ஸ்விட்ச்சைப் பார்ப்பார். நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி விளையாடிய பிள்ளை அதை அழுத்திவிட்டுப் போயிருக்கும். சைடு ஸ்டாண்ட் எடுக்காமல் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளும் இப்போது நிறைய. இதற்காக வண்டியைத் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதும் தொழில் நாகரிகம்தான்.

இன்னொரு சத்தம் உண்டு. பட்டனை அழுத்தினால் எஞ்சின் சுழலாமல் "டக்டக்டக்டக்" என்று அடித்துக்கொள்ளும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ரிலே போடும் சத்தம் அது. பட்டனை அழுத்தியதும் ரிலேயின் மின்காந்தம் ஓர் இரும்புத் துண்டை இழுத்து, பேட்டரியை ஸ்டார்ட்டர் மோட்டாரோடு இணைக்கிறது. மோட்டார் எடுத்த எடுப்பில் பல பத்து ஆம்பியர் மின்னோட்டம் கேட்கிறது. சோர்ந்த பேட்டரியால் கொடுக்க முடியவில்லை. அதன் வோல்ட் சட்டென்று சரிகிறது. சரிந்ததும் ரிலேயின் மின்காந்தத்துக்கே சக்தி போதாமல் இரும்பு விலகுகிறது. இரும்பு விலகியதும் சுமை இல்லை, பேட்டரியின் வோல்ட் மறுபடி ஏறுகிறது, இரும்பை மறுபடி இழுக்கிறது. இப்படி நொடிக்குப் பல தடவை. சத்தத்தைக் கேட்டே பேட்டரி செத்துவிடவில்லை, மெலிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கிவிட்டால் ஏறக்குறைய காலி. இருப்புக்கும் இல்லாமைக்கும் இடையில் அரை வோல்ட்தான். ஆகவே ஹாரன் அடிக்கிறது, இண்டிகேட்டர் எரிகிறது, எனவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்ற வாதம் செல்லாது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் செத்துப்போனால் விடை கிடைத்துவிட்டது.

அந்தப் பேட்டரிக்குள் நடப்பது உண்மையில் வியக்கத்தக்கது. காரீயத் தகடும் காரீய ஆக்சைடுத் தகடும் கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும் ஏற்பாட்டை 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். ஓர் அறைக்கு 2.1 வோல்ட், ஆறு அறை சேர்ந்தால் நம் பேட்டரி. காரீயம் ஏன் இவ்வளவு நல்ல பேட்டரி உலோகம்? தனிம அட்டவணையில் அதற்கு நேர் மேலே இருப்பது வெள்ளீயம், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிறோமே, அது. குணத்தில் உறவுக்காரர்கள். ஆனால் வெள்ளீயத்தைக் கொண்டு இப்படி ஒரு பேட்டரி அமையவில்லை. விடை காரீய அணுவின் எடையில் இருக்கிறது. அதன் கருவில் 82 புரோட்டான்கள். அந்த இழுப்பில் கருவுக்கு மிக அருகில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 60 சதவீத வேகத்தில் இயங்குகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகளைத் தள்ளிவிட முடியாது. எலக்ட்ரானின் நிறை கூடியதாகக் கணக்கிட வேண்டும். சுற்றும் பாதைகள் சுருங்கும். இந்த விளைவு அணுவின் வெளிப்பக்கம் வரை எட்டி, காரீய ஆக்சைடு எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளத் துடிக்கும்படி செய்துவிடுகிறது. ஸ்வீடனில் பணியாற்றும் ராஜீவ் அகுஜா, பின்லாந்தின் பெக்கா பியூக்கோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011-இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஓர் அறையின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை சார்பியல் தரும் வோல்ட். பிளான்டே பேட்டரி செய்தபோது ஐன்ஸ்டைன் பிறக்கவே இல்லை. செல்ஃப் பட்டனை அழுத்தும் ஒவ்வொருவரும் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 10 வோல்ட்டை ஐன்ஸ்டைன் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள்.

பேட்டரி சரி, எஞ்சின் சுழல்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். காற்றில் பெட்ரோல் ஆவி கன அளவில் 1.4 சதவீதத்துக்குக் குறைந்தாலும் எரியாது, 7.6 சதவீதத்தைத் தாண்டினாலும் எரியாது. அந்த இடுக்குக்குள் கலவையைக் கொண்டுவந்து வைப்பது கார்புரேட்டரின் வேலை. குறுகலான வழியில் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும். இத்தாலியரான வெஞ்சுரி 1797-இல் எழுதிவைத்த விஷயம் இது. அந்த இடத்தில் ஒரு நுண்துளை வைத்தால் பெட்ரோல் தானாக மேலே ஏறிக் காற்றில் கலந்துவிடும். ஓடும் எஞ்சினுக்கு அருமையான ஏற்பாடு. ஸ்டார்ட் செய்யும்போதுதான் சிக்கல். உதையில் எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது, காற்றின் வேகம் போதவில்லை, உறிஞ்சும் சக்தி இல்லை. கூடவே குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலின் இலேசான பகுதிகள் மட்டுமே ஆவியாகின்றன. மிச்சம் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. பத்துப் பங்கு அனுப்பினால்தான் இரண்டு பங்கு ஆவியாகும் என்றால் பத்துப் பங்கை அனுப்பித்தான் ஆக வேண்டும். சோக் அதைத்தான் செய்கிறது: காற்றை அடைத்து, அல்லது தனிவழியாகக் கூடுதல் பெட்ரோல் விட்டு, கலவையைச் செறிவாக்குகிறது.

எஞ்சின் சூடாக இருக்கும்போதும் சிலர் சோக்கை இழுக்கிறார்கள். அப்போது போகும் பெட்ரோல் எல்லாம் ஆவியாகி, கலவை மேல் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும், வண்டி மட்டும் கிளம்பாது. இதற்குக் கூடுதல் உதை மருந்தல்ல. சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை மிதித்தால் புதுக்காற்று உள்ளே போய்க் கலவை எல்லைக்குள் இறங்கும்.

பழைய பஜாஜ் ஸ்கூட்டர்க்காரர்கள் காலையில் வண்டியைச் சாய்த்துவிட்டு நிமிர்த்தி உதைப்பதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெறும் சடங்கு இல்லை. சாய்க்கும்போது கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மட்டம் துளைக்கு மேல் ஏறி, கொஞ்சம் பெட்ரோல் முன்கூட்டியே உள்வழியில் இறங்கிவிடும். டேங்கில் அடிமட்டத்தில் மிஞ்சியதும் குழாய் வாய்க்கு வந்து சேரும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு தலைமுறை கற்றுக்கொண்ட திரவ இயக்கவியல்.

ஊட்டிக்கு வண்டியில் போகிறவர்களுக்கு வேறொரு அனுபவம் கிடைக்கும். மேட்டுப்பாளையத்தில் சமர்த்தாக இருந்த கார்புரேட்டர் வண்டி, மேலே இரவு நின்றபின் காலையில் அடம்பிடிக்கும். குளிர் ஒரு காரணம். இன்னொன்று உயரம். 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் காற்றைக் கன அளவால் அறிகிறதே தவிர எடையால் அறிவதில்லை. மெலிந்த காற்றுக்கும் சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலைக் கொடுக்கிறது. செறிவு கூடிப்போய் பிளக்கில் கரி படிகிறது. புதிய வண்டிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடுகிறது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியின் கதையே தனி. கிண்ணத்துப் பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். ஸ்டார்ட் செய்யத் தேவைப்படுவதே அந்தப் பகுதிதான். மிஞ்சியது ஆக்சிஜனோடு வினைபுரிந்து பசையாகி, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பைலட் ஜெட் துளையை அடைக்கும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனிப் படலமாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். குழாய் பெட்ரோல் எடுப்பதும் அடியிலிருந்துதான். இதற்காக எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தினமும் ஓடும் வண்டி ஒருநாள் கிளம்பாவிட்டால் காரணம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். மூன்று மாதம் நின்ற வண்டி என்றால் சந்தேகப்படுங்கள். கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்குரூவைத் திறந்து பழையதை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோலை இறக்கிப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம்.

பெட்ரோல் வந்தும் பிடிக்கவில்லை என்றால் பிளக். பொறியை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். 1885-இல் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் உருவாக்கிய முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளில் பொறியே கிடையாது. விளக்குச் சுடரில் பழுக்கக் காய்ச்சிய குழாய் ஒன்று கலவையைக் கொளுத்தியது. அந்தக் குழாய் இருந்த இடம் இருக்கைக்கு அடியில். ஓட்டும்போது இருக்கை தீப்பற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். 1902-இல் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் உயர் வோல்ட் மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் கொண்டுவந்த பிறகு பொறியே வழக்கமாயிற்று.

ஃபாரடே 1831-இல் கண்டறிந்த விதிதான் இங்கே வேலை செய்கிறது. கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று வெட்டினால் அதன் காந்தப்புலம் சரியும்; சரியும் வேகத்தில் பக்கத்துச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். பக்கத்துச் சுருளில் சுற்றுகள் நூறு மடங்கு அதிகம். வெட்டும் வேகமும் சுற்றுகளின் பெருக்கமும் சேர, 12 வோல்ட் உள்ளே போய் 15,000, 20,000 வோல்ட்டாக வெளியே வருகிறது. பிளக்கின் முனையில் இருக்கும் 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் காற்று, மின்சாரத்தைக் கடத்தாத காற்று, ஒரு கணம் கடத்தியாக உடைகிறது.

இந்த இடத்தில் பட்டறை வழக்கத்துக்கும் இயற்பியலுக்கும் ஒரு சின்னத் தகராறு. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்து, பொறி தெரிந்தால் "கரண்ட் வருது" என்று முடிவுகட்டுகிறோம். வெளியே அந்த இடைவெளியைத் தாண்ட இரண்டு மூன்று ஆயிரம் வோல்ட் போதும். உள்ளேயோ கலவை நசுங்கிக் கிடக்கிறது. அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாண்டக் கூடுதல் வோல்ட் வேண்டும் என்பதை ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் அளந்து காட்டிவிட்டார். உள்ளே தேவைப்படுவது பல மடங்கு. சோர்ந்த கம்பிச்சுருள், பட்டறை மொழியில் காயில், வெளியே அழகாகப் பொறி காட்டிவிட்டு உள்ளே போய்க் கைவிரிக்கும். அனுபவசாலிகள் இதைப் பாஷன் பெயர் தெரியாமலேயே அறிந்தவர்கள். பொறியின் இருப்பை மட்டும் பார்க்காமல் அதன் நிறத்தையும் பார்ப்பார்கள். நீலமாக, "டப்" என்று சத்தத்தோடு அடித்தால் நல்லது. மஞ்சளாக நூல் இழுத்தால் சந்தேகம். மின்னோட்டத்தை வெட்டும் பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளில் பொறியின் இடைவெளியைக் கூட்டிவைத்தும் சோதிப்பார்கள். நீங்களே செய்து பார்ப்பதானால், பிளக்கின் இரும்பு உடல் எஞ்சினைத் தொட்டபடி இருக்கட்டும், பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே வையுங்கள். ஓட்டை வழியாகப் பீறிடுவது தீப்பற்றக்கூடிய கலவை.

கழற்றிய பிளக்கில் படிக்க நிறைய இருக்கிறது. இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியம். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. உலர்ந்து வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது. உலர்ந்த கரி என்றால் செறிவான கலவை, அல்லது அடுத்த தெரு வரை மட்டுமே ஓடும் வண்டி. பிளக்கின் மூக்கு 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். கறிகாய் வாங்கப் போய்வரும் ஓட்டத்தில் அந்தச் சூடு ஏறாது. கரி மின்கடத்தி. பீங்கான்மேல் கரி பூசியிருந்தால் வோல்ட் உச்சத்துக்கு ஏறுவதற்கு முன்பே கரி வழியாகக் கசிந்து ஓடிவிடும்; இடைவெளியைத் தாண்ட மிச்சம் இருக்காது. ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டிவிஎஸ் 50-ஐ ஓட்டியவர்களின் டூல் பாக்ஸில் பிளக் ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்ததற்கு இதுதான் காரணம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரிகிறது, கரிக்குப் பஞ்சமே இல்லை.

எனக்கு மிகப் பிடித்த வழக்கு ஒன்று உண்டு. கிளம்பும்போது வண்டி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும். அரைமணி ஓடியபின் இருமி நிற்கும். எவ்வளவு உதைத்தாலும் அசையாது. ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மறுபடி அரைமணியில் நிற்கும். இதற்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, காயில். அதன் உள்ளே மெல்லிய செம்புக் கம்பி எங்கோ முறிந்திருக்கும், அல்லது மேல்பூச்சு விட்டிருக்கும். குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டு ஒப்பேற்றும். சூட்டில் விரிந்து விலகும். ஆறினால் மறுபடி சேரும். இரண்டாவது, பெட்ரோல் டேங்கின் மூடி. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர மூடியில் நுண்ணிய துளை உண்டு. தூசியோ துருவோ அதை அடைத்துவிட்டால் டேங்குக்குள் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். உறிஞ்சுகுழலின் மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் இளநீர் கீழே விழாமல் நிற்கிறதே, அப்படிப் பெட்ரோல் நின்றுவிடும். வண்டியை நிறுத்தினால் எங்காவது இடுக்கில் மெல்லக் காற்று கசிந்து உள்ளே வந்து அழுத்தம் சமனாகும்.

ஒன்று மின்சாரம், மற்றது காற்று. நோய்க்குறி அச்சு அசல் ஒன்று. இதில் காயிலை மாற்றி, பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் போனவர்கள் ஏராளம். இரண்டையும் பிரிக்கும் சோதனைக்குக் கருவியே வேண்டாம். வண்டி நின்ற மறுகணம் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே ஓடி, அடுத்த சில உதைக்குள் வண்டி பிடித்தால் மூடிதான். சத்தமும் இல்லை, பிடிக்கவும் இல்லை என்றால் அப்போதே, ஆறுவதற்குள், பொறியைச் சோதிக்க வேண்டும். ஆறியபின் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

பழுது பார்ப்பதன் சூட்சுமம் இதில் முழுதாக இருக்கிறது. நல்ல சோதனை என்பது சந்தேகப் பட்டியலைப் பாதியாக வெட்டுவது. பிளக் ஓட்டையில் இரண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி உதைக்கிறார் மெக்கானிக். வண்டி ஒருகணம் உயிர்பெற்று அணைந்தால் பொறியும் அழுத்தமும் ஒரே வீச்சில் விடுதலை. குற்றவாளி பெட்ரோல் வழியில் இருக்கிறான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதும் அந்த வகைதான். பிளக்கையும் காயிலையும் ஏர் ஃபில்டரையும் ஒன்றாக மாற்றி வண்டி ஓடினால் வண்டி ஓடும். எது பழுது என்பது யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்தால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பட்டறையில் பில் போடுகிறார்கள்.

கம்ப்ரஷன், அதாவது கலவை நசுங்கும் அழுத்தம் என்ற மூன்றாவது விஷயம் ஒரே நாளில் போவதில்லை என்பதால் காலைநேரச் சந்தேகப் பட்டியலில் அதற்குக் கடைசி இடம். கிக்கர் கனமே இல்லாமல் இறங்கினால் யோசிக்கலாம். ரிங் தேய்ந்ததா, வால்வு சரியாக உட்காரவில்லையா என்று பிரிக்க அழகான வழி ஒன்று உண்டு: பிளக் ஓட்டையில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அழுத்தத்தைப் பார்ப்பது. ஆயில் பிஸ்டனைச் சுற்றி நின்று ரிங்கின் இடுக்கை அடைக்கும், வால்வை எட்டாது. அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

அழுத்தத்தை உடம்பால் உணர்ந்தவர்கள் புல்லட்காரர்கள்தான். 1955-இல் சென்னையில் தயாராகத் தொடங்கிய அந்த 346 சிசி ஒற்றை சிலிண்டரை வெறும் பலத்தால் ஸ்டார்ட் செய்ய முடியாது. இடதுகைப் பக்கம் டீகம்ப்ரஷன் லீவர், டேங்குக்கு முன்னால் ஆம்பியர் மீட்டர். கிக்கரை மெல்ல அழுத்தி, எஞ்சின் எதிர்க்கும் இடத்தில் நிறுத்தி, முள் நடுவுக்கு வந்ததும் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. முள் நடுவுக்கு வருவது பாயிண்ட் திறந்துவிட்டதற்கு அடையாளம். பிஸ்டன் உச்சிக்கு அருகில் இருக்கிறது. அதைத் தாண்டி மிதித்தால் அடுத்த உச்சியை அடைய ஓட்டம் கிடைக்கிறது. உச்சிக்கு முன்பே பொறி விழுந்து, பிஸ்டனும் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தால் வெடிப்பு அதைப் பின்னோக்கித் தள்ளும். கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலைப் பதம் பார்த்த கதை ஊருக்கு ஒன்று உண்டு.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி "ஊய்ங்" என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். அதுதான் இப்போது முதல் சோதனை. கேட்காவிட்டால் ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். பல வண்டிகளில் கிக்கரே இல்லை. பேட்டரி அடியோடு செத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது, பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். மேக்னெட் கரண்டில் ஓடிய பழைய வண்டி பேட்டரியே இல்லாமலும் கிளம்பிவிடும். ஸ்கேனரைச் செருகினால் எந்த சென்சார் கோளாறு என்று எண் வரும் என்பது உண்மை. அடைபட்ட டேங்க் மூடிக்கு எந்த எண்ணும் கிடையாது.

கடைசியாக, நம் ஊர்களில் வருஷாவருஷம் தேவைப்படும் ஒரு விஷயம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வடிந்ததும் தெருவெல்லாம் செல்ஃப் சத்தம். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் பிஸ்டனை மேலே தள்ளினால் வளைவது கனெக்டிங் ராடு. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை எஞ்சினைப் பிரிப்பதில் முடியும். வண்டி சைலன்சர் மட்டத்துக்கு மேல் நீரில் நின்றிருந்தால் சாவியே போடாதீர்கள். பிளக்கைக் கழற்றுங்கள், கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள், கிக்கர் இருந்தால் மெதுவாக மிதியுங்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வரட்டும். ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். ஆயில் வெளிறி நுரைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பிளக்கைத் திரும்ப மாட்டும்வரை செல்ஃப் பட்டன் பக்கம் யாரையும் விடாதீர்கள்.